எட்டு நிமிஷம் சிமிட்டாத மீன்கொத்தி

அத்தியாயம் 6

"பறவையைக் கடத்திட்டாங்க" என்றார் பல் டாக்டர்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நான் அப்போதுதான் அலுவலக ஜன்னலைத் திறந்திருந்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மாமியார் வீட்டு முன்னறைதான் அது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அதில் ஒரு நாற்காலிக்கு மூன்றே கால். அது எனக்கு.

துப்பறிவாளர் என் மாமியார். ரயில்வேயில் தொலைந்த பொருள் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வாசலில் பலகை மாட்டிவிட்டார். நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும் அதே வாரம்தான். "சும்மா இருக்கிற நேரத்துல எனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருங்க மாப்பிள்ளை" என்றார். இரண்டு வருஷமாக ஒத்தாசையாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. 'வாங்க, போங்க' போட்டுத்தான் சாக்கடைக்குள் இறங்கச் சொல்வார்.

"உட்காருங்க டாக்டர்" என்றார் அத்தை. "என்ன நிறம்?"

"எது?"

"பறவை."

முப்பத்தொரு வருஷப் பழக்கம். தொலைந்தது குடையோ, குழந்தையோ, அத்தை கேட்பது இதே வரிசையில்தான். என்ன நிறம், எவ்வளவு எடை, கடைசியாகப் பார்த்தது யார்.

"உடம்பு நீலம். தலையில வெள்ளிக் கொண்டை. எடை தெரியாது. கடைசியா பார்த்தது நான்தான். போன மாசம் பன்னிரண்டாம் தேதி, காலைல ஏழே முக்கால்."

"வளர்த்த பறவையா?"

"இல்லைங்க. ஏரியில இருந்தது."

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏரியில இருந்த பறவை இப்போ ஏரியில இல்லைன்னா அதுக்குக் கடத்தல்னு பேர் இல்ல டாக்டர். பறந்து போச்சுன்னு பேர்."

அத்தை என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைத் திட்ட முடியாத மாமியார்கள் பார்க்கிற பார்வை.

டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பின்கழுத்தில் கேமரா வார் உரசி உரசித் தடமே விழுந்திருந்தது. கதையைச் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் வெள்ளிக்கொண்டை மீன்கொத்தியைப் பார்த்திருக்கிறார். கையில் கேமரா இல்லை. பறவைப் பட சங்கத்தில் போய்ச் சொன்னதும் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பறவை இந்தப் பக்கமே வராதாம். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு ஏரி. மழையானாலும் சரி, ஜுரமானாலும் சரி, பதினோரு வருஷம்.

"போன மாசம் மூணு நாள் வந்துச்சு" என்றார். "தண்ணிக்குள்ள ஒரு பழைய மரக்கட்டை நட்டிருக்கும். அது மேல வந்து உட்கார்ந்தது. முன்னூத்திப் பன்னிரண்டு படம் எடுத்தேன்."

பையிலிருந்து படங்களை அள்ளி எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாவற்றிலும் அதே பறவை, அதே கட்டை, அதே கழுத்துத் திருப்பம்.

"எல்லாம் ஒரே படம் மாதிரி இருக்கே" என்றேன்.

டாக்டர் மனசு புண்பட்டுவிட்டது. "ஒரே படமா? இதோ பாருங்க. இது முதல் நாள். கேமராவை ஒரு நூலிழை நகர்த்தி, நூலிழை நகர்த்தி, நாற்பது தடவை எடுத்தது. ஒண்ணுல அலகு மட்டும் தெளிவா இருக்கும், ஒண்ணுல கண்ணு, ஒண்ணுல வாலு. நாற்பதையும் ஒண்ணா சேர்த்தா மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் கத்தி மாதிரி தெளிவு. இது ரெண்டாம் நாள். ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வெச்சு, தண்ணியைப் பட்டு மாதிரி ஆக்கினது. மூணாம் நாள் லென்ஸுக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடி போட்டு எட்டு நிமிஷம் திறந்து வெச்சேன்."

"எட்டு நிமிஷம் திறந்து வெச்சா என்ன ஆகும்?" அத்தை கேட்டார்.

"அசையறது எல்லாம் கரைஞ்சு போயிடும். அலை, மேகம், குறுக்கே போற ஆள், நாய், எதுவும் தெரியாது. அசையாம இருக்கிறது மட்டும்தான் படத்துல நிக்கும்."

"பறவை நின்னுச்சா?"

"தியானத்துல இருந்துச்சுங்க."

என் கல்யாண ஆல்பத்தில் நூற்று நாற்பது படம். ஒன்றில்கூட நான் கண்ணை ஒழுங்காகத் திறந்து வைத்திருக்கவில்லை. இந்த ஜீவன் எட்டு நிமிஷம் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பொறாமைதான் வந்தது.

எட்டு நிமிஷப் படத்தை அத்தை கையில் எடுத்துக்கொண்டார். மற்றவை எல்லாம் நீள்சதுரம். இது மட்டும் கிட்டத்தட்டச் சதுரம். "இடது பக்கம் வெட்டியிருக்கே?"

"அங்க ஒண்ணும் இல்லைங்க. நாணல்தான்."

சங்கத் தலைவர் இதைச் சங்கப் பத்திரிகைக்கு அனுப்ப, முதல் பரிசு கிடைத்திருக்கிறது. தலைவர் வெறும் தலைவர் இல்லை, பறவை நிபுணரும்கூட. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மேல் அலகின் ஓரத்தில் இரண்டு நீலப் புள்ளிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். உலகத்தில் எந்த மீன்கொத்திக்கும் அந்தப் புள்ளிகள் கிடையாதாம். ஆகவே இது புது இனம் என்று பதினான்கு பக்கத்துக்குக் கட்டுரை எழுதிவிட்டார். இனத்துக்கு டாக்டர் பெயரையே வைத்தும் விட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழுவோட வர்றார்" என்றார் டாக்டர். "பறவையைப் பிடிச்சு, கால்ல வளையம் மாட்டி, அளவெடுத்து விடப் போறாங்களாம். பறவை இல்லைன்னா அடுத்த இதழ்ல என்னைப் பித்தலாட்டக்காரன்னு போடுவேன்னு சொல்லிட்டார். நான் பல் டாக்டருங்க. ஊர்ல பொய்யன்னு பேர் வாங்கினவன்கிட்ட யாரு வந்து கண்ணை மூடி வாயைத் திறப்பா?"

அது நியாயமான பயம். எனக்கே பாவமாக இருந்தது.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "ஒரே ஒரு விஷயம். நான் உங்ககிட்ட வந்தது என் மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது. அதோட, அந்தப் பறவை உடையாம... வந்து, அடிபடாம கிடைக்கணும்."

கதவு சாத்தியதும் அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மாப்பிள்ளை, பறவை உடையுமா?"

"கீழே போட்டா உடையலாம்."

"வண்டியை எடுங்க."

ஏரிக்கரையில் ஈரமும் கொசுவும் தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை. மரக்கட்டை கரையிலிருந்து பத்தடி தூரத்தில் தண்ணீருக்குள் நின்றது. அத்தை கரையில் நின்றபடி என் கால்சட்டையைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு இறங்கினேன். இந்த வீட்டில் பெண் எடுத்தது என் தப்பு, தண்ணீரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

"கட்டை தலையில என்ன இருக்கு?"

"ஓட்டை இருக்கு அத்தை. துளைபோட்ட ஓட்டை. சின்னதா, சுத்தமா. ஓரத்துல ஏதோ ரோஸ் கலர்ல தூள் ஒட்டியிருக்கு."

"கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

தூளைக் காகிதத்தில் கொட்டி, அத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். பழைய சிநேகிதியை ரோட்டில் பார்த்துவிட்ட மாதிரி.

"ரயில்ல மாசத்துக்கு நாலு பல் செட் விட்டுட்டுப் போவாங்க மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் எண்ணி எண்ணி அலமாரியில அடுக்கியிருக்கேன். அந்த ஈறு கலர் இது."

"அப்போ அந்தப் பறவை..."

"பொம்மை. ஆணி வெச்சு நட்டது."

"புரிஞ்சுபோச்சு அத்தை. கேஸ் முடிஞ்சுது. டாக்டர்தான் ஆள். அவரே பொம்மை செஞ்சு, அவரே நட்டு, அவரே படம் எடுத்து, பரிசும் வாங்கிட்டார். இப்போ மாட்டிக்கப் போறோம்னதும் கடத்தல்னு கதை விடறார்."

"கதை விடறதுன்னா போலீஸ்ல போய் விடலாமே. கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயப்படறவர் துப்பறியறவங்ககிட்ட வருவாரா?" அத்தை பேசிக்கொண்டே நாணல் பக்கம் நடந்தார். "இங்க வாங்க."

நாணல் ஓர் இடத்தில் மட்டும் படிந்து கிடந்தது. ஈரமண்ணில் நான்கு சின்னக் குழி. மடக்கு நாற்காலியின் கால்கள். எதிரே இருந்த நாணலில் சிலதை ஒடித்து, எட்டிப் பார்க்க ஒரு சந்து செய்யப்பட்டிருந்தது. நான் குனிந்து அதன் வழியாகப் பார்த்தேன். கட்டை தெரிந்தது. அதைத் தாண்டி, டாக்டர் கேமரா வைத்திருந்த மேடும் நேராகத் தெரிந்தது.

"யாரோ உட்கார்ந்து வேவு பார்த்திருக்காங்க" என்றேன்.

"வேவு பார்க்கிறவங்க இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார மாட்டாங்க. குழி எவ்வளவு ஆழம் பாருங்க." அத்தை சேறு படியாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு மூணு மாசமா கடைவாய்ப் பல் வலிதானே?"

"வலி போயிடுச்சு அத்தை."

"வந்துடும். வாங்க."

கிளினிக்கில் இரண்டு அறை. முன்னறையில் டாக்டரும் அந்தப் படுக்கை நாற்காலியும். பின்னறையில் டாக்டரின் மனைவி, பல் செட் செய்கிறவர். இருபது வருஷமாக அந்த ஊரின் பாதிச் சிரிப்பு அவர் கையால் செய்ததுதான். அத்தை உள்ளே நுழைந்ததும் "என் மாப்பிள்ளைக்குத் தாங்க முடியாத வலி" என்று அறிவித்துவிட்டு, "நான் பின்னாடி உங்க வீட்டம்மாகூடப் பேசிட்டு இருக்கேன்" என்று போய்விட்டார். டாக்டர் திருதிருவென்று விழித்தார். ஆனால் கை தொழிலை மறக்குமா? வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"மூணு மாசம் இதை வெச்சுக்கிட்டு எப்படி இருந்தீங்க?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஊசி போட்டார். பஞ்சு அடைத்தார். நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தார். நான் மல்லாந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

கூரையில் படம்.

படுத்திருப்பவர் பயத்தை மறக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஒட்டியிருக்கிறார். எட்டு நிமிஷப் படம்தான், ஆனால் வெட்டாதது, ஆள் உயரத்துக்கு. தண்ணீர் பால் மாதிரி. மேகம் இழுத்துவிட்ட பஞ்சு. காற்றில் ஆடிய நாணல் முழுக்கப் புகை. நடுவில் கட்டையும் பறவையும் ஊசிமுனைத் தெளிவில்.

இடது ஓரத்தில், அந்தப் புகைக்கு நடுவே, மடக்கு நாற்காலியில் ஒரு பெண்மணி. முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, மடியில் ஒரு ஃபிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார். எட்டு நிமிஷம் துளியும் அசையாததால், நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடிகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. சற்று முன் பின்னறைக் கதவருகே என்னைப் பார்த்து "பயப்படாதீங்க, அவர் கை லேசா இருக்கும்" என்று சொன்ன அதே அம்மா.

நான் "ஆ" என்றேன்.

"வலிக்குதா?" என்று இன்னொரு ஊசி போட்டார் டாக்டர்.

அடைத்து முடித்ததும் நீலக் காகிதம் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்தார். "கடிங்க. நல்லா கடிங்க. மேலும் கீழும் சரியா உட்காருதான்னு பார்க்கணும். எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும்." பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். என் கடைவாய்ப் பல்லில் இரண்டு நீலப் புள்ளிகள்.

இரண்டு நீலப் புள்ளிகள். நான் கூரையைப் பார்த்தேன். பறவையின் மேல் அலகைப் பார்த்தேன். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியவர் மீது எனக்குப் பெரும் இரக்கம் வந்தது. யாரோ ஒருவர் அந்தப் பறவைக்கு அலகு செய்து பொருத்தியிருக்கிறார். செய்ததும், இருபது வருஷத் தொழில் பழக்கத்தில் கை தானாக நீலக் காகிதத்தை எடுத்திருக்கிறது. அலகுக்கு நடுவே வைத்துக் கடிக்க விட்டுப் பார்த்திருக்கிறது. பொம்மைப் பறவைக்குக் கடி சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இருந்தாலும் அந்தக் கைக்கு மனசு கேட்கவில்லை.

நாற்காலியிலிருந்து குதித்தேன். மார்பில் கட்டியிருந்த துணியோடு பின்னறைக்கு ஓடினேன். அத்தையிடம் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கும் உதடும் ஆளுக்கொரு பக்கம் போயின. நான் சொன்னது எந்த மொழியிலும் சேராது.

சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மேஜையில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளுக்கு நடுவே அத்தை உட்கார்ந்திருந்தார். கையில் மீன்கொத்தி.

"இருநூத்தி நாற்பது கிராம்" என்றார். "உட்காருங்க மாப்பிள்ளை, வாயைத் துடைங்க. இவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தூளைக் காட்டினேன், அவ்வளவுதான்."

டாக்டரின் மனைவி அழவில்லை. அழுகிற ஆள் மாதிரியும் தெரியவில்லை. கோபமாகத்தான் இருந்தார், யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

"பதினோரு வருஷம்" என்றார். "காலைல கண்ணு முழிச்சா பக்கத்துல தலையணைதான் இருக்கும். ஒரு பறவைக்காக. ஒரு தடவை அவர் அந்தப் படத்தை எடுத்துட்டா போதும், ஆசை தீர்ந்து வீட்டுல இருப்பார்னு நெனச்சேன். நாலு மாசம் ஒளிச்சு ஒளிச்சு செஞ்சேன். உடம்பு பல் செட் பண்ற பவுடர்தான், மேல நீலச் சாயம். கொண்டைக்கு முப்பத்திரண்டு டூத் பிரஷ் வெட்டினேன். காலைல நடக்கப் போறேன்னு சொல்லிட்டு, அவருக்கு முன்னாடி போய் நட்டு வெச்சேன்."

"ஒரு நாள் போதாதா?" அத்தை கேட்டார்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். முதல் நாளே எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவார்னு பார்த்தா, நாற்பது தடவை எடுக்கிறார். அடுத்த நாளும் வர்றார். மூணாம் நாள் கறுப்புக் கண்ணாடி போடறார். நாய் வந்து கவ்விடுமோ, அவரே கிட்ட போய்ப் பார்த்துடுவாரோன்னு நான் நாணல்லயே கிடந்தேன். கால் மரத்துப் போச்சு. கொசு பிடுங்கித் தின்னுது. அசைஞ்சா மாட்டிப்பேன்." பறவையை அத்தை கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றினார். "வளையம் மாட்ட வர்றாங்கன்னதும் உடைச்சுப் போட்டுடலாம்னு சுத்தியலை எடுத்துட்டேன். மனசு வரல. அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைச்சது பிளாஸ்டிக்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

நான் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதி அத்தையிடம் நீட்டினேன். 'கூரையில் வெட்டாத படம். அதில் இவங்க இருக்காங்க.'

அத்தை இரண்டு முறை படித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, ஒரு சாதாரண மனிதரிடம் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினார்.

"ஏம்மா" என்றார் அந்த அம்மாவிடம். "அந்த நாற்காலியில நீங்க என்னிக்காவது படுத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் படுக்கணும்? என் பல்லெல்லாம் நல்லாதான் இருக்கு."

"ஒரு நிமிஷம் வந்து படுங்க."

டாக்டர் முகமூடியோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் வருவதைப் பார்த்ததும், துணிப் பொட்டலத்தைப் பார்த்ததும், கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். அந்த அம்மா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார்.

அவர் கண் படத்தின் இடது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"எப்போ தெரியும்?" என்றார், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முதல் படத்துலயே" என்றார் டாக்டர். "பெரிசு பண்ணிப் பார்த்தேன். அலகுல நீலம். இந்த ஊர்ல நீலக் காகிதம் வெச்சு அலகுக்குக் கடி பார்க்கிற ஆள் வேற யாரு? இடது பக்கம் கொஞ்சம் உயரமாவும் இருந்துச்சு."

"என் வேலையில உயரமா?" அந்த அம்மா பாதி எழுந்துவிட்டார்.

"கொஞ்சம்தான்."

"தெரிஞ்சும் மூணு நாள் என்னைக் கொசுக்கடியில உட்கார வெச்சிருக்கீங்க."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "நாணல்ல உன் தலை தெரிஞ்சுது. பதினோரு வருஷத்துல நீ ஒரு நாள்கூட ஏரிக்கு வந்ததில்ல. கூப்பிட்டா பாத்திரம் இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லுவே. தெரியும்னு சொல்லியிருந்தா அப்பவே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பே. அதான் நாற்பது எடுத்தேன். அதுவும் முடிஞ்சு போச்சு. இன்னும் என்ன பண்ணலாம்னு யோசிச்சு எட்டு நிமிஷம் போட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. மரத்துப் போன வாயில் அழுவது மிகவும் சங்கடம், ஒரு பக்கம்தான் அழ முடிகிறது.

அத்தைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்போ எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பறவை எங்கன்னு அவகிட்ட கேட்டா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். கேட்கலைன்னா உடைச்சுடுவாளோன்னு பயம்."

"பொண்டாட்டிகிட்ட கேட்க வேண்டிய ஒரு கேள்வி. அதுக்கு என் மாப்பிள்ளை ஏரியில இறங்கியிருக்கார்." அத்தை எனக்காகக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். "சரி, படத்தைப் பத்திரிகைக்கு ஏன் கொடுத்தீங்க?"

"தலைவர் வேர்ச்சிகிச்சைக்கு வந்தார். இங்க மல்லாந்து படுத்தவர் பார்த்துட்டார். அவர் கண்ணுக்குப் பறவை மட்டும்தான் தெரிஞ்சுது. கொடுங்கன்னார். வேண்டாம் சார், இதுல ஒண்ணும் இல்லைன்னேன். தன்னடக்கம்னு எடுத்துக்கிட்டார். இவளை வெட்டிட்டுக் கொடுத்தேன்."

இப்போது பிரச்சினை நாளை காலை பத்து மணி. டாக்டரின் மனைவிதான் முதலில் வழி சொன்னார். "நான் போய் நட்டுடறேன். அவங்களை நூறடி தள்ளி நிறுத்திடுங்க. வளையம்தான் மாட்டணும்னு அடம்பிடிச்சா மாட்டட்டும். கால் கம்பிதான், தாங்கும். உங்க பேர் கெடக் கூடாது."

"என் பேருக்காக நீ ஒளிஞ்சுக்கிட்டே இருக்கணுமா?" என்றார் டாக்டர். "சொல்லிடறேன். பித்தலாட்டக்காரன்னு போட்டா போடட்டும். செஞ்சது நீன்னு சொல்லப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. தலைவரும் நான்கு பேரும் வலை, தராசு, வளையம், அளவுகோல் எல்லாவற்றோடும் இறங்கினார்கள். டாக்டர் முன்னே போய்த் துணியைப் பிரித்துப் பறவையை நீட்டினார்.

"சார், இதுதான் அந்தப் பறவை. என் மனைவி செஞ்சது. பரிசைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

தலைவர் பறவையைத் தொடக்கூட இல்லை. "டாக்டர், இது போலி."

"ஆமாங்க, அதைத்தான் சொல்றேன்."

"நீங்க படம் எடுத்தது நிஜம். இது அதைப் பார்த்துச் செஞ்ச போலி."

"இல்லை சார். படத்துல இருக்கிறதே இதுதான்."

"பறவையைப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா? பதினாலு பக்கம் எழுதியிருக்கேன். அந்தப் படத்துல இருக்கிற உயிர்த்துடிப்பு பிளாஸ்டிக்ல வருமா? அந்த நீலப் புள்ளி இயற்கையைத் தவிர யாரால வைக்க முடியும்?"

டாக்டரின் மனைவி முன்னால் வந்தார். நீலக் காகிதம் ஒன்றை எடுத்து, அலகுக்கு நடுவே வைத்து, இரண்டு தடவை அழுத்திக் காட்டினார். இரண்டு இருந்த இடத்தில் நான்கு புள்ளிகள். நான்கு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் ஏரியைப் பார்த்தார். அச்சுக்குப் போய்விட்ட பதினான்கு பக்கம் ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பறவை பாதுகாப்பா இருக்கணும்கிறதுக்காக இந்த நாடகம் ஆடறீங்க. எனக்குப் புரியுது" என்றார் கடைசியில். "ஆனா ஒரு நிஜமான பறவையைப் போலின்னு சொல்லி ஆராய்ச்சியைக் கேவலப்படுத்தறதை ஏத்துக்க முடியாது. பரிசு உங்ககிட்டயே இருக்கட்டும். சங்கத்துல மட்டும் இனி நீங்க இல்லை."

அங்கேயே ஓட்டெடுப்பு நடந்தது. ஐந்து கை உயர்ந்தது. உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக, பொய் சொன்னதாகத் தீர்மானம் போட்டு, டாக்டரை நீக்கினார்கள். தீர்மானத்தில் பித்தலாட்டக்காரர் என்ற வார்த்தையே இல்லை. அடுத்த இதழில் டாக்டர் பெயரில் புது இனமும், அதற்கு இரண்டு பக்கம் தள்ளி டாக்டர் நீக்கப்பட்ட செய்தியும் வரும் என்று கேள்வி. வேன் கிளம்பிப் போயிற்று.

டாக்டர் கரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ சங்கம். அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். கீழே சேறு. ஒரு முறை புடவையைப் பார்த்தார், ஒரு முறை சேற்றைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

"நிஜமாவே பார்த்தீங்களா?" என்றார். "அந்தப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. நிஜப் பறவை."

"பார்த்தேன்."

"கொண்டை எப்படி இருந்துச்சு?"

"நீ செஞ்சதைவிடக் கொஞ்சம் சின்னது."

அந்த அம்மா கையிலிருந்த பறவையின் கொண்டையை விரலால் அளந்து பார்த்தார். அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியைக் காட்டினார். போய்க்கொண்டே இருந்தபோது பின்னால் கேட்டது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"அஞ்சரைக்கு."

"ஆறரை" என்றார் அந்த அம்மா. "அதுக்கு முன்னாடி வர்ற பறவை எனக்கு வேண்டாம்."

டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார்.